பிசிவி ஒரு லேபில் 43, இன்னொரு லேபில் 46: எதை ஏற்பது?

வைகைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 62. ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரையில் இருக்கிறேன். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைத் தேவைக்கு மேல் உற்பத்தி செய்யும் பாலிசைத்தீமியா வேரா என்ற நோய் எனக்கு இருப்பது ஜேஏகே2 மரபணுச் சோதனையில் உறுதியானது. தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி., ஹைட்ராக்சியூரியா 500 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று காட்டும் பிசிவி 45-ஐத் தாண்டினால் மருத்துவமனையில் ஒரு யூனிட் ரத்தத்தை எடுத்து விடுகிறார்கள்.

சென்ற வாரம் வழக்கமான லேபில் பிசிவி 43.1 என்று வந்தது. அந்த வாரக் கடைசியில் வேறொரு காரணத்துக்காக இன்னொரு லேபில் ரத்தம் கொடுத்தபோது 45.9 என்று வந்துவிட்டது. ஒன்றின்படி நான் நிம்மதியாக இருக்கலாம். மற்றொன்றின்படி உடனே ரத்தம் எடுக்கப் போக வேண்டும். இரண்டு அறிக்கைகளின் விவரம்: முதலாவதில் ஹீமோகுளோபின் 13.8, சிவப்பணு 5.6 மில்லியன், எம்சிவி 77. இரண்டாவதில் ஹீமோகுளோபின் 13.9, சிவப்பணு அதே 5.6, எம்சிவி 82. தட்டணுக்கள் இரண்டிலும் ஐந்து லட்சத்துக்குக் கீழேதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 என்று மிகவும் தாழ்ந்திருக்கிறது, களைப்பும் இருக்கிறது. இரும்புச்சத்து டானிக் குடிக்கும்படி என் நாத்தனார் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். “உனக்கு ரத்தமே இல்லை” என்பவரிடம், எனக்கு ரத்தம் கூடுதலாக இருப்பதுதான் நோய் என்று விளக்கி விளக்கிச் சலித்துவிட்டது. டானிக் குடிக்கலாமா?

பொருநை எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விடை நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது.

இன்றைய தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலானவை பிசிவியை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுக்களின் எண்ணிக்கையையும் அவற்றின் சராசரிப் பருமனான எம்சிவியையும் அளந்து, இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்துச் சொல்கின்றன. 5.6-ஐ 77-ஆல் பெருக்கிப் பாருங்கள், 43.1 வரும், 82-ஆல் பெருக்கினால் 45.9 வரும். அதாவது உங்கள் அணுக்களின் எண்ணிக்கையும் ஹீமோகுளோபினும் மாறவே இல்லை. அணுக்களின் பருமன் மட்டும் கூடியிருக்கிறது. சில நாட்களுக்குள் உடம்பில் எம்சிவி இவ்வளவு ஏறாது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் பல மணி நேரம் காத்திருந்தால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி உப்பும். அப்போது பிசிவி பொய்யாக உயர்ந்து தெரியும், ஹீமோகுளோபின் மட்டும் அப்படியே நிற்கும். இயந்திரத்துக்கு இயந்திரம் உள்ள சிறு வேறுபாடும் இதில் சேர்ந்திருக்கலாம். இரண்டாவது லேபில் மாதிரியை அங்கேயே சோதிக்கிறார்களா, வெளியூருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்கவில்லை என்று ஒரு நிமிடத்துக்கு மேல் தேடினாலும் அந்த இடத்தில் ரத்தம் செறிந்து எண் கூடும். வெயிலில் நடந்து வந்து, தண்ணீர் குடிக்காமல் உடனே கையை நீட்டினாலும் அப்படியே.

நொய்யல் எழுதுகிறார்:

அம்மா, எனக்கும் இதே நோய்தான். ஐயா சொன்ன கணக்கை இப்போதுதான் கற்றுக்கொண்டேன், மிக்க நன்றி. ஆனாலும் 43-க்கும் 46-க்கும் இடையிலான வேறுபாட்டை லேப் கோளாறு என்று தாமாகவே முடிவு செய்து ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 45 என்ற எல்லைக்குப் பின்னால் வலுவான ஆதாரம் இருக்கிறது. இத்தாலியில் 365 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பிசிவியை 45-க்குக் கீழே வைத்திருந்தவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும், 45 முதல் 50 வரை விட்டுவைத்திருந்தவர்களில் 9.8 சதவீதத்தினருக்கும் இதய, ரத்தநாளக் காரணங்களால் மரணமோ பெரிய ரத்த உறைவோ நேர்ந்தது. பெண்களுக்கு 42 என்று எல்லையை இன்னும் தாழ்த்தி வைக்கும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டி, பழைய லேபிலேயே மறுபடி பார்த்துக்கொள்வதுதான் முறை.

நான் ஒரே லேபில், காலை வேளையில், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துச் சற்று நேரம் உட்கார்ந்த பிறகே ரத்தம் கொடுக்கிறேன். பழைய வரவுசெலவு நோட்டு ஒன்றில் தேதி, ஹீமோகுளோபின், பிசிவி, எம்சிவி, வெள்ளையணு, தட்டணு, கடைசியாக ரத்தம் எடுத்த நாள் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதி வருகிறேன். மருத்துவர் கணினியைத் திறப்பதற்கு முன்னால் அந்த நோட்டைத்தான் கேட்கிறார். கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அறிக்கைக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அப்போது எண் 43 ஆக இருந்தாலும் பொருட்டில்லை.

பாலாற்றங்கரை எழுதுகிறார்:

நான் பொது மருத்துவர். ரத்தநோய் நிபுணர் அல்லர். இரும்புச்சத்துக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறை ரத்தத்தை வெளியே எடுக்கும்போதும் அதனுடன் சுமார் 200 மி.கி. இரும்பும் வெளியேறுகிறது. இரும்பு குறைந்தால் மஜ்ஜையால் நினைத்த வேகத்தில் சிவப்பணுக்களை உண்டாக்க முடியாது; இந்தச் சிகிச்சை பலன் தருவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே ஃபெரிட்டின் 9 என்பது சிகிச்சையின் விளைவு. இந்நிலையில் டானிக் குடித்தால் அடுப்புக்கு விறகு தள்ளியது போல ஆகி, பிசிவி மளமளவென ஏறிவிடக்கூடும். முருங்கைக்கீரையையோ பேரீச்சம்பழத்தையோ ஒதுக்க வேண்டியதில்லை. மாத்திரை, டானிக், ஊசி ஆகியவற்றை நிபுணர் சொல்லாமல் தொடக் கூடாது. கடையில் விற்கும் ‘சத்து மாத்திரை’களிலும் இரும்பு கலந்திருப்பதுண்டு, அட்டையைப் படித்துப் பாருங்கள்.

அதே சமயம் களைப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். களைப்பு அன்றாட வேலையைக் கெடுக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அடிக்கடி ரத்தம் எடுப்பதைக் குறைக்கும் வகையில் ஹைட்ராக்சியூரியாவின் அளவை மாற்றவோ, இன்டர்ஃபெரான், ருக்சோலிடினிப் போன்ற வேறு மருந்துகளுக்குப் போகவோ வழி இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா வெள்ளையணுக்களையும் தட்டணுக்களையும் சேர்த்தே குறைக்கும் என்பதால், பிசிவியை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைக்காதீர்கள். வாயில் புண்ணோ, கணுக்காலருகே ஆறாத புண்ணோ வந்தால் உடனே காட்டுங்கள்.

வைகைக்கரை மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. விசாரித்துவிட்டேன். இரண்டாவது இடம் ரத்தம் சேகரிக்கும் மையம் மட்டும்தானாம். மாலையில் எடுத்த மாதிரி இரவோடு இரவாகச் சென்னைக்குப் போய், மறுநாள் மதியத்துக்குப் பிறகே இயந்திரத்தில் ஏறியிருக்கிறது. மருத்துவர் இரண்டு அறிக்கைகளையும் பார்த்துவிட்டுப் பழைய லேபிலேயே மறுபரிசோதனை செய்யச் சொன்னார், 43.4 வந்தது. இப்போதைக்கு ரத்தம் எடுக்க வேண்டாம் என்றும், டானிக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். நாத்தனாரிடம் அவரையே பேச வைத்தேன்.

குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல அரிக்கிறதே, அதுவும் இந்த நோயால்தானா? சோப்பை மாற்றியும் பயனில்லை.

நொய்யல்:

ஆம் அம்மா, தோலில் தடிப்பே இல்லாமல் தண்ணீர் பட்டதும் வரும் அந்த அரிப்பு நம் நோயில் பலருக்கும் உண்டு. வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது எனக்குப் பாதி குறைத்தது. மீதிக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அடுத்த முறை போகும்போது இதையும் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்காவிட்டால் நாமாகச் சொல்ல மறந்துவிடுகிறோம்.