ராமேசுவரம் வரை மிதிவண்டிப் பயணம்: கோயில் வாசல்களில் வண்டியை எப்படிப் பூட்டுவது?

கேள்வி – கரையோரம்

வணக்கம். வரும் தை மாதம் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேசுவரம் வரை தனியாக மிதிவண்டியில் செல்ல இருக்கிறேன். இரவில் வண்டியை விடுதி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். பகலில் சாப்பிட இறங்கும்போதும், சிதம்பரத்திலும் ராமேசுவரத்திலும் கோயிலுக்குள் போய்வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்போதும், கேரியரில் இரு பைகளோடு நிற்கும் வண்டியை என்ன செய்வது? என்னிடம் இருப்பது எண் வைத்துத் திறக்கும் கேபிள் பூட்டு. அது போதுமா, அல்லது ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள யூ-பூட்டை (U வடிவில் வளைத்த தடித்த இரும்புக் கம்பிப் பூட்டு) சுமக்கத்தான் வேண்டுமா?

மறுமொழி – இரட்டைச்சங்கிலி

கேபிள் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதனுள் இருப்பவை முறுக்கிய மெல்லிய கம்பிகள். கையடக்கமான கம்பிவெட்டி ஒன்றே நொடிகளில் அறுத்துவிடும். மலிவான எண் பூட்டுகளை வெட்டவும் வேண்டாம், இழுத்துப் பிடித்தபடி வளையங்களைத் திருப்பினால் சரியான எண் விரலுக்கே தெரிந்துவிடும்.

யூ-பூட்டில் கம்பியின் தடிமன் 13 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பெரியதைவிடச் சிறியதே நல்லது. பின்சக்கரம், சட்டகம், கம்பம் மூன்றும் சேர்ந்து உள்ளிடத்தை அடைத்துக்கொண்டால், கடப்பாரையோ ஜாக்கியோ நுழைத்து நெம்ப இடம் இராது. சாவித்துளை தரையைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கேபிளையும் வீசிவிடாமல், முன்சக்கரத்தின் வழியே கொண்டுவந்து யூவோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். வட்டச் சாவி போடும் பழைய வகைப் பூட்டு வேண்டவே வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் அந்த வகையைப் பால்பாயிண்ட் பேனாவின் குழலாலேயே திறந்து காட்டினார்கள்.

மறுமொழி – உப்புக்காற்று

மேலே நண்பர் சொன்னது பெருநகரத் திருடனுக்குச் சரி. ஆனால் இந்தச் சாலையில் இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு ஒருவன் வருவதைவிட, பம்பு, விளக்கு, தண்ணீர்ப் புட்டி போன்றவை காணாமல் போவதும், வேடிக்கை பார்ப்பவர்கள் கியரைத் திருகிப் பார்ப்பதுமே அதிகம். பைகளுக்கு எந்தப் பூட்டும் காவல் அல்ல.

ஆகவே கோயில் ஊர்களில் முதலில் அறை எடுத்து, பைகளை உள்ளே வைத்துவிட்டுத் தரிசனத்துக்குக் கிளம்புங்கள். ராமேசுவரத்தில் இதைத் தவிர வழியே இல்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வருபவர் பணத்தையும் கைபேசியையும் எங்கே வைப்பார்? அறை எடுக்காத ஊர்களில் ரயில் நிலையம் அல்லது பேருந்து நிலையத்தின் கட்டணச் சைக்கிள் ஸ்டாண்டு உதவும், ஆனால் சுமைக்குப் பொறுப்பேற்பார்களா என்பதை டோக்கன் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் வண்டி கண்ணில் படும் மேசையாகப் பார்த்து உட்காருங்கள். நிறுத்தியபின் பெடலை அசைக்காமல் கியர் நெம்பை மட்டும் நாலைந்து படி மாற்றிவைத்தால், ஏறி மிதிப்பவனுக்குச் சங்கிலி படபடவென்று தாவும். ஓட்டம் பிடிப்பது எளிதாக இராது.

கரையோரம்

இருவருக்கும் நன்றி. ஒரே ஐயம்: நம் ஊர் மின்கம்பத்தைச் சிறிய யூ சுற்றி வராதே?

மறுமொழி – இரட்டைச்சங்கிலி

வராது. கடையின் ஜன்னல் கம்பி, படிக்கட்டின் கைப்பிடி, நன்றாக ஊன்றிய அறிவிப்புப் பலகையின் இரும்புக் கால் ஆகியவைதாம் தோது. பலகையின் காலாக இருந்தால், மேலே தூக்கி உருவிவிட முடியுமா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் பின்சக்கரத்தையும் சட்டகத்தையும் சேர்த்துப் பூட்டினாலும் உருட்டிக்கொண்டு போக முடியாது, ஆனால் தூக்கி வேனில் ஏற்றலாம் என்பதால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் அப்படி விட வேண்டாம்.

மறுமொழி – பழைய ஹெர்குலிஸ்

புறப்படும் முன் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் சட்டக எண்ணையும், வாங்கிய ரசீதையும், வண்டியின் முழுத் தோற்றத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் சேமித்துவையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். புகாரைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பூட்டின் உள்பாகம் உப்பேறி இறுகும் என்பதால், கிளம்பும்போதே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டாவது சாவியைப் பையில் போடாமல் உடலோடு வைத்திருங்கள்.