பசிபிக் ரிம் 2: ரோபோக்களுக்கு ஏன் எடையே இல்லை?

ஃப்ரேம்24 (கேள்வி):
2013-ல வந்த முதல் படத்துல ஜிப்ஸிங்கிற ராட்சத ரோபோ ஒரு எட்டு எடுத்து வெச்சாலே அதோட கனம் தெரியும். 2018-ல வந்த ரெண்டாம் படம் அப்ரைசிங்ல கிட்டத்தட்ட அதே உயர ரோபோக்கள் பொம்மை மாதிரி குதிக்குதுங்க. இத்தனைக்கும் பட்ஜெட் 15 கோடி டாலருக்குக் குறையாது. டோக்கியோ சண்டையைப் பட்டப்பகல்ல வெச்சதுதான் காரணமா? பிளெண்டர்ங்கிற 3D அனிமேஷன் மென்பொருள்ல 45 மீட்டர் ரோபோ ஒண்ணு நடக்க வைக்கணும். இந்தத் தப்பு வராம இருக்க என்ன கணக்கு?

கடைசிவரிசை:
பகல் காரணம் இல்ல. முதல் படத்துலயே சிட்னி சண்டையும் ரோபோ ஓட்டுற பைலட் மாகோவோட டோக்கியோ நினைவும் பகல்லதான். ரெண்டும் கனமாவே இருக்கும்.

கோளாறு நேரத்துல. உருவம் பெருசானா புவியீர்ப்பு அதிகமாகிறதில்ல, ஆனா விழ வேண்டிய தூரம் கூடுது. உயரம் எத்தனை மடங்கோ, அதோட வர்க்கமூலம் அளவுக்கு அசைவோட நேரம் நீளணும். மினியேச்சர் எடுக்கிறவங்க 1/16 மாடலை நொடிக்கு 24-க்குப் பதிலா 96 ஃப்ரேம்ல ஓட்டுறதும் இதே கணக்குதான். உங்க ரோபோ 1.8 மீட்டர் ஆளைவிட 25 மடங்கு, வர்க்கமூலம் 5. ஆள் ஒரு எட்டுக்கு 12 ஃப்ரேம் எடுத்தா ரோபோவுக்கு 60. 79 மீட்டர் ஜிப்ஸிக்கு 6.6 மடங்கு வரும்.

முதல் படமும் இதை அப்படியே பின்பற்றல, பின்பற்றினா சண்டை தூங்கி வழிஞ்சிருக்கும். ஆனா கையை ஓங்க நேரம் கொடுத்தாங்க. அப்ரைசிங்ல ஓடி, எகிறி, சுழன்று வாள் வீசும்போது அந்த இடைவெளியே கிடைக்கல.

இரும்புக்கை:
பிளெண்டர்ல அடிக்கடி நடக்கிற தப்பு ஒண்ணு. சீனை 1/10 அளவுல கட்டிட்டு கிராவிட்டியை 9.8-லேயே விட்டுடுவாங்க. 45 மீட்டர்ல இருந்து விழுற கான்கிரீட் துண்டு 73 ஃப்ரேம் எடுக்கணும், இங்க 23-லயே தரையைத் தொட்டுடும். ஒண்ணு நிஜ அளவுல கட்டுங்க, இல்லன்னா கிராவிட்டியை 0.98 ஆக்குங்க. குத்தை வேணும்னா கொஞ்சம் வேகப்படுத்தலாம், தூசி, தண்ணி, இடிபாடு மூணையும் வேகப்படுத்தவே கூடாது. கண்ணு அளவைப் பிடிக்கிறதே அதை வெச்சுத்தான்.

ஒற்றைத்திரை:
எடை சரியா இருந்திருந்தா மட்டும் படம் தேறியிருக்காது. கைஜுக்கள், அதாவது ராட்சத மிருகங்கள், படையெடுத்து வர்றதே கடைசிப் பகுதியில. மாகோவை ஹெலிகாப்டர் விபத்துல முடிச்சிட்டு, அந்த இழப்பைத் தாங்க ஒரு காட்சிகூட ஒழுங்காக் கொடுக்கல. முதல் படத்துல ஹாங்காங்ல செர்னோ ஆல்ஃபாங்கிற ரோபோ முங்கும்போது வலிச்சுது, ஏன்னா அந்த ரெண்டு பைலட்டையும் பத்தே நிமிஷத்துல நம்ம மனசுல பதிய வெச்சிருந்தாங்க. வசூல் 41 கோடி டாலர்ல இருந்து 29 கோடிக்கு இறங்கினது நியாயம்தான்.

அளவு காட்டறதுக்கு ஒரு ஷாட் பாருங்க. ஜிப்ஸியோட முஷ்டி அலுவலகச் சுவரை உடைச்சு, தடுப்புகளை நொறுக்கிட்டு வந்து, மேசைமேல நூல்ல தொங்குற எஃகு உருண்டைகளை லேசாத் தொட்டு நிக்கும். உருண்டை டிக் டிக்னு ஆட ஆரம்பிக்கும். ரெண்டாம் படம் கட்டடங்களையே பெயர்த்து இழுக்குது, அப்படி ஒரு மேசை மனசுல நிக்கல.

ஃப்ரேம்24:
60 ஃப்ரேம் போட்டா தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கே?

இரும்புக்கை:
எல்லாத்தையும் ஒரே மாதிரி நீட்டினா அப்படித்தான். கால் மேல ஏறுறது மெதுவா இருக்கட்டும், இறங்குறது புவியீர்ப்பு கையில. பாதம் 4 மீட்டர் உயரத்துல இருந்தா 22 ஃப்ரேம்ல தரைக்கு வரணும். அந்த அசைவோட கர்வ் (நேரத்துக்கு உயரம் காட்டுற கோடு) கடைசிவரை செங்குத்தாகிட்டே போகணும், முடிவுல ஈஸ் (மெல்ல வேகம் குறையுறது) வைக்காதீங்க. பாதம் சட்டுனு நின்ன பிறகு இடுப்பு இன்னும் 10-12 ஃப்ரேம் கீழ அமுங்கட்டும், தோள் அதுக்கும் பின்னாடி. கேமராவை ஆள் நிக்கிற உயரத்துல, 1.6 மீட்டர்ல வைங்க.