கேப்புத் துப்பாக்கிப் பூட்டு: கட்டையில் ஏற்றினால் குதிரை வழுக்குது

வணக்கமுங்க. அந்தியூர்ப் பக்கம் லைசென்ஸ் உள்ள பழைய கேப்புத் துப்பாக்கி (குழல் வாயில் மருந்து கெட்டித்து, கேப்பைத் தட்டி வெடிக்கிறது). மருந்து, கேப்பு எதுவும் இல்லை. பூட்டை (சுடும் பொறியை) கழற்றிக் கையில் வைத்தால், குதிரை (கேப்பைத் தட்டும் சுத்தி) பாதி இழுத்த அரைக்குதிரை, முழுசாக இழுத்த முழுக்குதிரை இரண்டிலும் ‘டக்’கென்று நிற்குது. துப்பாக்கியின் மரக்கட்டையில் பொருத்தி பக்கத் திருகாணியை இறுக்கினால் முழுக்குதிரையில் நிற்பதில்லை. அரைச் சுற்றுத் தளர்த்தினால் நிற்குது. ஆகவே டம்ளர் (குதிரையோடு சேர்ந்து சுழலும் துண்டு) வெட்டோ, சியர் (அந்த வெட்டில் மூக்கை மாட்டிக் குதிரையைப் பிடிக்கும் நெம்பு) ஸ்பிரிங்கோ தேயவில்லை.

சியர் கைக்கு விளக்குக் கரி பூசிப் பொருத்தியதில், அடிக்கட்டைக் குழியில் கரி ஒட்டவில்லை. விரலால் இழுக்கும் விசையின் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டுது. விசை எந்நேரமும் சியரைத் தூக்கிப் பிடிப்பதால் அதன் மூக்கு வெட்டில் முழுசாக இறங்கலை.

சியர் மூக்கில் அரம் படக்கூடாது. மேல்தோல் மட்டுந்தான் கடினம். விசை விளிம்பை ராவலாமா, பூட்டுத் தகட்டுக்கு அடியில் மெல்லிய துண்டு வைத்துப் பார்க்கலாமா? செய்து பார்த்த பட்டறைக்காரங்க சொல்லுங்க. அதுவரை மருந்து கெட்டிக்கறதில்லை.