கருக்கலைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் காப்பகக் கட்டணத்தையும் கொஞ்சம் பேசுங்கள்

மருத்துவமனையில் சமூகப் பணியாளர் வேலை என்னுடையது. கல்யாணமாகாத சின்னப் பெண்கள்தான் கலைக்க வருவார்கள் என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. என் எதிரே வந்து உட்காருகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள்.

ஒரு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது உண்டாகியிருந்தது. என்ன முடிவு எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பேசாமல் ஸ்கேன் கவரைத் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் வாடகை, பகலில் பிள்ளையை விடும் குழந்தைக் காப்பகத்தின் கட்டணம், வேலைக்குப் போகாத மாதங்களில் வராமல் போகும் சம்பளம் எல்லாம் எழுதி, கூட்டி, அடித்து, மறுபடி கூட்டியிருந்தார். ஒப்பந்த வேலை என்பதால் பிரசவ விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. "காப்பகத்துல ஒரு இடம் கிடைச்சா வச்சுக்குவேங்க" என்றார். அந்த இடத்துக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு விண்ணப்பமும் இல்லை, மேஜையில் இருந்தது கலைப்புக்கான ஒப்புதல் படிவம்தான். சுதந்திரமாக எடுத்த முடிவு என்று அதில் கையெழுத்து வாங்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

சரி, தடை போட்டுவிட்டால்? அமெரிக்காவில் 'டர்ன்அவே' என்று ஓர் ஆய்வு, சுமார் ஆயிரம் பெண்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தார்கள். கலைக்க வந்ததற்கு அதிகம் பேர் சொன்ன காரணம் பணம். கலைக்க அனுமதித்த வாரக் கெடு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், கலைத்துக்கொண்டவர்களைவிட அதிகமாகக் கடனிலும் வறுமையிலும் சிக்கினார்கள், அவர்களுடைய மூத்த பிள்ளைகளும் சேர்த்துத்தான்.

என்னோடு வேலை பார்த்த ருமேனிய அக்கா ஒருவர் இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். அங்கே 1966-இல் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்கு கருக்கலைப்புக்குத் தடை போட்டார், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி, அப்புறம் தொழிற்சாலைக்கே மருத்துவர்கள் வந்து கர்ப்பமா என்று சோதிக்கிற அளவுக்குப் போனது. முதல் வருஷம் பிறப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பானது உண்மை, ஆனால் திருட்டுத்தனமாகக் கலைக்கும் வழி தெரிந்ததும் எண்ணிக்கை திரும்ப இறங்கிவிட்டது. பிரசவம், கருக்கலைப்பு சம்பந்தமான பெண்களின் சாவு ஐரோப்பாவிலேயே அங்கேதான் அதிகம், அனாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிதாக வந்தவர்கள் முதல் வேலைகளில் ஒன்றாக அந்தத் தடையைத்தான் நீக்கினார்கள், அடுத்த ஆண்டே அந்தச் சாவுகள் பாதியளவுக்குக் குறைந்தன. அக்காவின் சித்தி செத்துப்போனது அதற்கு முன்னால்.

மத நம்பிக்கையால் எதிர்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்களில் சிலர் பிரசவச் செலவுக்குக் கையிலிருந்து பணம் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். தடை வேண்டும் என்பார், குழந்தை உதவித்தொகைக்கு என் வரிப்பணம் எதற்கு என்றும் கேட்பார், அந்த ரகத்தைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். காப்பகத்துக்கு யார் பணம் போடுவது என்று கேட்டேன், பெத்தவங்கதான் பாத்துக்கணும் என்றார்.