ஆர்சனிக்கும் இதயமும்: எலியையும் செல்லையும் வைத்து முடிவுக்கு வரலாமா?

வைகைக்கரை:
கிணற்று நீரில் கலந்து வரும் நஞ்சான ஆர்சனிக் என்றால் தோலில் புள்ளி, புற்றுநோய், அவ்வளவுதானே, இதயம் எங்கே வந்தது என்று குறிஞ்சி கேட்டிருந்தார். மேக்ரோஃபேஜ் வழியாக வருகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கும் கொழுப்பை விழுங்குவது இந்த நோயெதிர்ப்புச் செல்கள்தான். விழுங்கிய கொலஸ்ட்ராலை வெளியே தள்ள ஏபிசிஏ1 என்ற புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கச் சொல்லும் சுவிட்ச் எல்எக்ஸ்ஆர். ஆர்சனிக் அந்தச் சுவிட்சை வேலை செய்ய விடுவதில்லை. கொழுப்பு உள்ளேயே தங்கி, செல் நுரை கட்டியது போல உப்பிப்போகிறது. அடைப்பின் தொடக்கம் இதுதான். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2010-ல் செல்களில் காட்டியிருக்கிறார்கள்.

குறிஞ்சி:
கண்ணாடித் தட்டில் வளர்த்த செல் மேல் எதை ஊற்றினாலும் ஏதாவது நடக்கத்தான் செய்யும், நண்பரே.

வைகைக்கரை:
அடுத்த ஆண்டே எலியிலும் பார்த்தார்கள். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் கலந்த தண்ணீர், 13 வாரம். ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு கூடியது. பங்களாதேஷ் குழாய்க் கிணறுகளில் இதைவிட அதிகமாகவே இருந்திருக்கிறது.

குறிஞ்சி:
அது என்ன எலி என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் அபோ-ஈ மரபணுவை நீக்கிய எலி. சும்மா விட்டாலே அதற்கு அடைப்பு வரும். தவிர, எலியின் உடல் ஆர்சனிக்கை நம்மைவிட வேகமாக மாற்றி வெளியேற்றிவிடும்.

வைகைக்கரை:
இரண்டாவது விஷயம் எனக்குச் சாதகமாகத்தானே போகிறது? வேகமாக வெளியேற்றும் எலிக்கே இந்தக் கதி என்றால்?

குறிஞ்சி:
சரி, அது என் தவறு. மரபணு விஷயத்தை விடமாட்டேன்.

பாலாறு:
எலியை விடுங்கள், மனிதர்களைப் பாருங்கள். பங்களாதேஷின் அராய்ஹசார் பகுதியில் 2000 முதல் சுமார் 12 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 2011-ல் வந்த முடிவு: கிணற்றில் ஆர்சனிக் கூடக் கூட இதயநோய் மரணமும் கூடியது. புகைபிடிப்பவர்களிடம் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். புகையிலையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் வேறு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் ஒன்று, அவர்கள் எண்ணியது மரணங்களை, நுரைச் செல்களை அல்ல. காரணம் எல்எக்ஸ்ஆர்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே குறிஞ்சி பக்கம் நியாயம் இருக்கிறது.

தாமிரா:
நடுவில் ஒரு கேள்வி. என் மாமாவுக்கு ஒருமுறை அட்டாக் வந்திருக்கிறது, சர்க்கரையும் உண்டு. உலோகத்தை இழுத்து வெளியே எடுக்கிறோம் என்று ஈடிடிஏ டிரிப் ஏற்றச் சொல்கிறார்கள். போடலாமா?

குறிஞ்சி:
இதய டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். 2013-ல் வெளிவந்த, 1,708 பேருக்கு இந்த டிரிப்பைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் இதயப் பாதிப்பு சற்றுக் குறைந்தது, சர்க்கரை உள்ளவர்களிடம் கூடுதலாக. அதை நம்பி, அட்டாக் வந்த சர்க்கரைக்காரர்களை மட்டும் சேர்த்து மறுபடி செய்தார்கள். 2024-ல் வந்த முடிவில், ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. அட்டாக்கோ மரணமோ குறையவில்லை. வைகைக்கரை, உலோகம்தான் குற்றவாளி என்றால் அதை எடுத்த பிறகும் ஏன் பலனில்லை?

வைகைக்கரை:
திருடனைப் பிடித்துவிட்டால் போன நகை திரும்பி வந்துவிடுமா? படிவு பல வருடச் சேர்மானம். அதுவும் அந்தச் சோதனை ஈயத்தைப் பற்றியது, ஆர்சனிக்கைப் பற்றியது அல்ல. ஈயம் எலும்பிலேயே வருடக்கணக்காகத் தங்கும். ஆனால் டிரிப் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

குறிஞ்சி:
அப்படியானால் உங்கள் கருத்தை எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாது போலிருக்கிறதே.

வைகைக்கரை:
முடியும். சுத்தமான கிணற்றுக்கு மாறியவர்களிடம் இருபது வருடம் கழித்தும் இதயநோய் குறையாவிட்டால் நான் ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சையைவிட அந்தச் சோதனைதான் சரியானது.

தாமிரா:
நன்றி, மாமாவிடம் சொல்கிறேன். ஆர்சனிக் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போய்விடுமா?

பாலாறு:
போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஆர்சனிக் பாத்திரத்திலேயே நிற்கும். கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடத்தான் செய்யும்.