விளையாட்டு திணறித் திணறி ஓடி, பாதியில் தானாக மூடிக்கொள்கிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தங்கையும் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் ஒரு திறந்த உலக விளையாட்டு, சில வாரங்களாக என் கணினியில் மட்டும் சரியாக ஓடவில்லை. புதிய பகுதி ஒன்றுக்குள் நுழையும் போதெல்லாம் திரை ஒரு கணம் உறைந்து நின்று, பிறகு நகர்கிறது. அரை மணி நேரம் கழிந்ததும், அதுவரை நொடிக்கு 90 ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) என்று காட்டிய எண் மெல்ல இறங்கி 45-க்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு, சில நாள்களில் நாற்பதாவது நிமிடத்திலும் சில நாள்களில் இரண்டு மணி நேரம் கழித்தும், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் விளையாட்டு மூடிக்கொள்கிறது. கணினி அணைவதில்லை, விளையாட்டு மட்டுமே மறைந்து டெஸ்க்டாப் தெரிகிறது.

என்னுடையது ஆறு கோர் பிராசசரும், 8 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டும், 32 ஜிபி ரேமும், எஸ்எஸ்டியும் கொண்ட விண்டோஸ் 11 மேசைக் கணினி. விளையாட்டை இருமுறை நீக்கி மீண்டும் நிறுவினேன், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், கிராபிக்ஸ் அமைப்புகள் அனைத்தையும் மிகக் குறைந்த நிலைக்கு இறக்கினேன். எதிலும் பலனில்லை. சொல்லப்போனால், அமைப்புகளைக் குறைத்த பிறகு வேகம் இறங்குவது இன்னும் விரைவாகவே நேர்கிறது. இது எனக்குச் சற்றும் புரியவில்லை. ஒவ்வொரு முறை மூடிக்கொள்ளும்போதும் மறுமுனையில் தங்கை தனியே காத்து நிற்கிறாள். வாரத்தில் எங்களுக்குச் சேர்ந்து கிடைப்பவை இரண்டு மாலைகள்தாம். கிராபிக்ஸ் கார்டையே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேனா, அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏதேனும் உள்ளனவா?

பதில் 1

விளையாட்டின் மீது படிந்து இயங்கும் திரைப்பதிவு, அரட்டை போன்ற மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள். எனக்கு இதேபோல் மூடிக்கொண்டபோது, இரண்டு ஓவர்லேக்கள் ஒரே நேரத்தில் இயங்கியதுதான் காரணமாக இருந்தது.

பதில் 2

நண்பரே, கிராபிக்ஸ் கார்டை மாற்றும் எண்ணத்தைத் தயவுசெய்து இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, தொடர்பற்ற மூன்று கோளாறுகள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்து, ஒரே நோய்போலத் தோன்றுகின்றன என்றே நினைக்கிறேன். மூன்றையும் ஒன்றாகக் கருதி மருந்து தேடியதால்தான் எதுவும் பலிக்கவில்லை.

முதலில் திணறலைப் பார்ப்போம். நொடிக்கு 90 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறத்தாழ 11 மில்லி நொடியில் உருவாகிறது. அவற்றில் ஒன்றே ஒன்று 250 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், கால் நொடி உறைந்து நின்றதைக் கண் உடனே உணர்ந்துவிடும். ஆனால் அந்த நொடியின் கணக்கில் 68 ஃபிரேம் வரை சேர்ந்துவிடுவதால் திரையின் மூலையில் உள்ள எண் பெரிதாகக் கவலைப்படும்படி எதையும் சொல்லாது. ஆகவே சராசரி எண்ணை விட்டுவிட்டு, ஃபிரேம் நேரத்தை வரைகோடாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். புதிய பகுதியையோ புதிய எதிரியையோ முதன்முறை காணும்போது மட்டும் கோடு மேலே பாய்ந்து, அதே இடத்துக்கு இரண்டாம் முறை செல்லும்போது பாயவில்லையென்றால், அது ஷேடர் தொகுப்பினால் வரும் திணறல். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆகிய கிராபிக்ஸ் இடைமுகங்களைக் கொண்டு எழுதப்பட்ட விளையாட்டுகள், ஒளியும் நிறமும் எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்று சொல்லும், ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி உங்கள் கணினியிலேயே தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை முன்கூட்டியே செய்யாமல் ஆட்டத்தின் நடுவில் செய்யும் விளையாட்டுகள்தாம் இப்படி நிற்கின்றன. டிரைவரைப் புதுப்பித்தால், தொகுத்துச் சேமித்து வைத்தவை பெரும்பாலும் செல்லாமல் போய் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் அண்மையில்தான் புதுப்பித்திருக்கிறீர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அரை மணி நேரத்துக்குப் பின் வரும் வேகக் குறைவு. காலம் கடந்த பிறகே தோன்றி, தோன்றியபின் நீங்காத குறைவு என்றால் முதலில் வெப்பத்தையே சந்தேகிக்க வேண்டும். பல பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கி, அந்த எல்லையைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். உங்களுக்குப் புரியாமல் இருந்த செய்திக்கும் இதில் விடை இருக்கிறது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்காமல் கிராபிக்ஸ் அமைப்புகளை மட்டும் குறைத்தால், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமையும் விரைவாக முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும்; அதற்கு ஈடுகொடுக்கப் பிராசசர் முன்னைவிடக் கடுமையாக உழைத்து, முன்னைவிட விரைவாகச் சூடேறும்.

மூன்றாவது, தானாக மூடிக்கொள்ளுதல். இதற்கு ஊகம் வேண்டாம். விண்டோஸ் பெரும்பாலும் குறிப்பு எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்புகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் அப்ளிகேஷன், சிஸ்டம் ஆகிய இரண்டிலும் விளையாட்டு மூடிக்கொண்ட நிமிடத்தைத் தேடுங்கள். 4101 என்ற எண் இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் பதிலளிக்காமல் நின்று, விண்டோஸ் அதை மீட்டெடுத்திருக்கிறது என்று பொருள். இயல்பாக 2 நொடிகளுக்குமேல் பதில் இல்லையென்றால் இது நிகழும். 2004 என்ற எண் இருந்தால் நினைவகம் தீர்ந்துபோயிருக்கிறது. ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை, யாரோ சொன்னார்கள் என்று அணைத்து வைத்திருப்பவர்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். 1000 என்ற எண் இருந்தால் விளையாட்டே பிழைபட்டு நின்றிருக்கிறது. அப்போது பிழைக்குக் காரணமான மாட்யூல் என்று அதில் எழுதியுள்ள கோப்பின் பெயரை ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே பெயர் வருகிறதா, ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வருகிறதா என்பதே எனக்கு மிகவும் தேவையான தகவல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தத் தொல்லை தொடங்கிய நாளுக்குச் சற்று முன் கணினியில் என்ன மாற்றினீர்கள்? எதுவுமில்லை என்று உடனே எழுதிவிடாமல், பொறுமையாக நினைவுகூர்ந்து சொல்லுங்கள்.

பதில் 3

பிராசசர் எந்தத் தலைமுறை என்பதையும் குறிப்பிடுங்கள். இன்டெல்லின் 13, 14 ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், மிகையான மின்னழுத்தத்தால் நிலையின்மை உண்டாவதை அந்நிறுவனமே 2024இல் ஏற்றுக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தத்தைப் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பிப்புகள் வழியாக வழங்கியதுடன், அவற்றின் உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டிக்கவும் செய்தது. ஷேடர் தொகுக்கும் கட்டத்தில் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி அப்போது பலருக்கும் வந்தது. பழுது பிராசசரில் இருக்க, பழி கிராபிக்ஸ் கார்டின் மீது விழுந்தது. பிழைச் செய்தி சுட்டும் இடத்தில்தான் பிழை இருக்கும் என்று நம்ப முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேட்டவர்

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓவர்லேக்களை நிறுத்தியும் மூடிக்கொள்வது நிற்கவில்லை. என் பிராசசர் மேற்சொன்ன தலைமுறைகளைச் சேர்ந்ததன்று. டிடிஆர்4 ரேம் பயன்படுத்தும் அதைவிடப் பழையது.

நேற்று ஒரு மணி நேரம் அளந்து பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு 70 டிகிரியைத் தாண்டவில்லை. பிராசசரோ 25 நிமிடத்தில் 97 டிகிரியைத் தொட்டது. அதே நிமிடத்திலிருந்து அதன் வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.8 வரை இறங்கியது. ஃபிரேம் நேரக் கோடு, நீங்கள் சொன்னபடியே, முதன்முறை செல்லும் இடங்களில் மட்டும் பாய்கிறது. ஈவன்ட் வியூவரில் 1000 என்ற எண்ணில் ஆறு குறிப்புகள் இருந்தன. அவற்றில் காரணமாகக் காட்டப்பட்ட கோப்புகள் விளையாட்டின் முதன்மைக் கோப்பு, விண்டோஸின் ஒரு கோப்பு, கிராபிக்ஸ் டிரைவரின் கோப்பு, ஒலிக்கான ஒரு கோப்பு என்று மாறிமாறி வருகின்றன. 4101, 2004 ஆகிய எண்கள் எங்கும் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முன்பு 8 ஜிபி வீதம் இரண்டு ரேம்கள் இருந்தன. இந்தத் தொல்லை தொடங்குவதற்கு நான்கு நாள்களுக்கு முன், அதே நிறுவனத்தின் அதே 3600 வேகம் குறிக்கப்பட்ட இன்னோர் இணையை வாங்கிப் பொருத்தினேன். கணினி உடனே 32 ஜிபி என்று காட்டியதால், அது நல்லபடியாக முடிந்த வேலை என்று கருதி முதல் பதிவில் குறிப்பிடவில்லை.

பதில் 4

என் கருத்தில் விண்டோஸையே முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுவது நல்லது. இத்தனை கோப்புகளில் பிழை வருகிறதென்றால் இயங்குதளமே சிதைந்திருக்க வேண்டும்.

பதில் 2 எழுதியவர்

மேலே உள்ள நண்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த நேரத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பிழை ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் வருவது, அந்தக் கோப்புகள் எல்லாமே கெட்டுவிட்டதைக் காட்டிலும், அவை அனைத்தும் பொதுவாகத் தங்கும் இடமான ரேமைத்தான் சுட்டுகிறது. ரேம் பழுதாக இருக்கும் நிலையில் விண்டோஸை நிறுவினால், எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் அந்தப் பழுதான ரேம் வழியாகவே வட்டுக்குச் செல்லும். நல்ல நிறுவலைக் கெட்டதாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

ரேம்மீது அச்சிட்டுள்ள 3600 என்பது பயாஸில் உள்ள எக்ஸ்எம்பி என்னும் வேக அமைப்பை இயக்கும்போது கிடைக்கும் வேகம். டிடிஆர்4 தரநிலையின் உச்ச வேகமே 3200தான். அதற்கு மேலுள்ளதெல்லாம், பெட்டியில் எழுதப்பட்டிருந்தாலும், ஒருவகை ஓவர்கிளாக்கிங், அதாவது தரநிலையை மீறிய வேகத்தில் இயக்குதல். அந்த வேகம் ஒரே பெட்டியில் வந்த இரண்டு ரேம்களைச் சேர்த்துச் சோதித்து உறுதியளிக்கப்படுவது. தனித்தனியே வாங்கிய இரண்டு இணைகளின் பெயரும் எண்ணும் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளிருக்கும் சில்லுகள் வேறாக இருக்கக்கூடும். தவிர, நான்கு இடங்களும் நிரம்பும்போது பிராசசரில் உள்ள நினைவகக் கட்டுப்படுத்தியின் சுமை கூடுகிறது. கணினி தொடங்கியது என்பதாலேயே ரேம் பிழையின்றி இயங்குகிறது என்று கொள்ள முடியாது. பல மணி நேரத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விளையாட்டு மூடிக்கொள்ளப் போதும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 கருவியை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றுகளையும் முழுமையாக ஓட விடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் தொடங்குவது வசதி. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்வியே. சில பிழைகள் பொறுத்துக்கொள்ளத்தக்கவை என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். பிழை வந்தால், எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே பொருத்திச் சோதியுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, கணினியை அணைத்து மின்இணைப்பைத் துண்டித்த பிறகு பிராசசர் விசிறியையும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளையும் பாருங்கள். தூசி அடைந்திருந்தால் விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நீக்குங்கள். ரேம் பொருத்தும்போது கை பட்டுக் கூலர் சற்றே நகர்ந்திருக்கவும் கூடும். இந்த வேலையையும் ரேம் வேலையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எது எதைத் தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேட்டவர்

பதினொரு நாள்கள் கழித்து எழுதுகிறேன். நான்கு ரேம்களையும் 3600 வேகத்தில் வைத்துச் சோதித்தபோது இரண்டாம் சுற்றில் 14 பிழைகள் வந்தன. எக்ஸ்எம்பியை அணைத்ததும் நான்கு சுற்றுகளும் பிழையின்றி முடிந்தன. ஆக எந்த ரேமும் பழுதில்லை, நான்கும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று தெரிந்தது. பிறகு பயாஸில் வேகத்தை 3200 என்று குறைத்து அமைத்துச் சோதித்தேன். அதுவும் பிழையின்றி முடிந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து விளையாட்டு ஒருமுறைகூடத் தானாக மூடிக்கொள்ளவில்லை.

மூன்று நாள்களுக்குப் பிறகே கூலரைத் திறந்தேன். விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளம்போலப் படிந்திருந்தது. அதை நீக்கி, பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்டைப் புதிதாக இட்டு, ஃபிரேமுக்கு 60 என்று உச்சவரம்பும் வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆடியும் இப்போது 76 டிகிரியைத் தாண்டவில்லை, ஃபிரேமும் 60-இலிருந்து அசையவில்லை. நேற்று மாலை நானும் தங்கையும் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடினோம். புதிய பகுதிகளில் மட்டும் அந்தச் சிறு திணறல் இன்னும் இருக்கிறது. அதற்கு ஏதேனும் செய்ய முடியுமா?

பதில் 2 எழுதியவர்

படிக்க மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. எஞ்சியிருக்கும் திணறல் விளையாட்டு எழுதப்பட்ட விதத்தில் உள்ளது. அதை உங்களால் முழுதாக நீக்க முடியாது, குறைக்க முடியும். தொடக்கத் திரையில் ஷேடர்கள் தயாராகின்றன என்ற செய்தி வந்தால் அது முடியும்வரை காத்திருங்கள். டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஷேடர் சேமிப்பின் அளவைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டி வையுங்கள். தேவை ஏதும் இல்லாதபோது, குறிப்பாக இருவரும் ஆடவிருக்கும் மாலைகளில், டிரைவரைப் புதுப்பிக்காதீர்கள்.

முடிக்கும் முன் ஒரு வேலை மீதமிருக்கிறது. ரேம் பிழையோடு இயங்கிய அந்த வாரங்களில்தான் நீங்கள் விளையாட்டை இருமுறை நிறுவியிருக்கிறீர்கள். ஆகவே விளையாட்டின் கோப்புகளை இப்போது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சேமித்த ஆட்டங்களில் ஏதேனும் திறக்க மறுத்தால், அதன் மேலேயே மீண்டும் சேமிக்காமல் முதலில் அந்தக் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

கேட்டவர்

சரிபார்த்தேன். மூன்று கோப்புகள் பொருந்தவில்லை என்று காட்டி, அவற்றை மீண்டும் இறக்கிக்கொண்டது. சேமித்த ஆட்டங்கள் அனைத்தும் திறக்கின்றன. நகலும் எடுத்து வைத்துவிட்டேன்.