பிஏ பப்ளிக் அட்மின், சோஷியாலஜி படிச்சவங்க எல்லாம் எங்கதான் போனாங்க?

மணப்பாறை_முறுக்கு:
எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா பொண்ணு பிளஸ் டூல 521 எடுத்திருக்கா, கணக்கும் நல்லாத்தான் வரும், ஆனா இன்ஜினியரிங் வேணவே வேணாம், பிஏ பப்ளிக் அட்மின் இல்லன்னா சோஷியாலஜின்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மாமா ரெண்டு நாளா சோத்துத் தட்டை முன்னாடி வச்சுக்கிட்டு "பிஏ படிச்சவன் நம்ம தெருவுல எவன்டா உருப்பட்டான்"னு என்னையப் பார்த்து கேக்குறாரு, ஏதோ நான்தான் அந்த டிகிரிய கண்டுபிடிச்ச மாதிரி. காலேஜ் அட்மிஷன் நோட்டீஸ்ல சாதனை படைத்த மாணவர்கள்னு நாலு போட்டோ போட்டிருக்கான், நாலும் ஐஏஎஸ், அதுல ரெண்டு பேர் நான் பொறக்குறதுக்கு முன்னாடியே பாஸ் பண்ணவங்க. கூடப் படிச்ச மிச்ச பேர்லாம் என்ன ஆனாங்க? படிச்சவங்க யாராவது இருந்தா உள்ளதச் சொல்லுங்க, மோட்டிவேஷன் வேணாம்.

கரூர்_ஜங்ஷன்:
மாமா கிட்ட நிர்மலா சீதாராமன் பேரச் சொல்லுங்க, திருச்சி சீதாலட்சுமி ராமசாமி காலேஜ்ல பிஏ எக்கனாமிக்ஸ், அப்புறம் டெல்லி ஜேஎன்யூ யுனிவர்சிட்டில எம்ஏ. ஜெய்சங்கரும் அங்கதான் பொலிட்டிகல் சயின்ஸ் எம்ஏ. 2019ல நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜியும் 1983ல அதே ஜேஎன்யூல எக்கனாமிக்ஸ் எம்ஏ முடிச்சவர்தான். வேற என்ன வேணும்?

ரிங்ஃப்ரேம்:
ப்ரோ கோவிச்சுக்காதீங்க, இதத்தான் அவர் வேணாம்னாரு. மந்திரிங்களையும் நோபல்காரரையும் காட்டி ஒரு பொண்ண காலேஜ்ல சேக்க முடியாது.

நான் பிஏ சோஷியாலஜி, அப்புறம் எம்எஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் வொர்க்ல மாஸ்டர்ஸ். எங்க செட்ல முப்பது பேரு, ஒருத்தர்கூட ஐஏஎஸ் இல்ல. குழந்தைகள் பாதுகாப்பு யூனிட்ல மூணு பேரு, ஆஸ்பத்திரில மெடிக்கல் சோஷியல் வொர்க்கரா ரெண்டு பேரு, கம்பெனி சிஎஸ்ஆர்ல, அதாவது கம்பெனிங்க சமூக நலத்துக்கு பணம் செலவழிக்கிற பிரிவுல, நாலஞ்சு பேரு (2013 கம்பெனிச் சட்டத்துல பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் இதுக்கு செலவழிச்சாகணும்னு வந்த பிறகுதான் இந்த வேலையே நிறைய மொளைச்சது), மிச்சத்துல பாதி எச்ஆர். ரெண்டு பேர் மளிகைக் கடை. அதையும் சொல்லணும்ல.

நான் போனது திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு, வெல்ஃபேர் ஆபீசரா. 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 49வது செக்‌ஷன், 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தா வெல்ஃபேர் ஆபீசர் வச்சே ஆகணும்னு இருந்துச்சு, அதனால வச்சாங்க, என் மேல ஆசைப்பட்டு இல்ல. போன புதுசுல கேன்டீன் சாம்பார்ல உப்பு இருக்கான்னு பாக்குறதுதான் வேலைன்னு நெனச்சேன்.

அந்த மில்லுல செவ்வாய்க்கிழமை ஆனா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல லேடீஸ் நிறைய வரமாட்டாங்க. சூப்பர்வைசர் ரெஜிஸ்டர்ல வரிசையா "உடம்பு சரியில்லை"ன்னு எழுதி வச்சிருப்பாரு. மேனேஜர் அபராதம் போடலாம்னாரு. நான் மூணு மாச லீவ எடுத்து ஊர்வாரியா ஒரு பழைய டைரில பிரிச்சு எழுதுனேன், பார்த்தா எல்லாம் நாலே நாலு ஊரு. ஒரு அக்காவ கேன்டீன்ல உக்காரவச்சு டீ வாங்கிக் குடுத்து கேட்டா, சிரிச்சுக்கிட்டே "செவ்வாக்கெழம காலைல குழு லோன் மீட்டிங் சார், ஆளு நேர்ல இல்லன்னா கூட இருக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க"ன்னு சொல்லுது. அவ்ளோதான் விஷயம். அந்த நாலு ஊருக்கும் செவ்வாய் மட்டும் செகண்ட் ஷிஃப்ட் மாத்திவிட்டோம், ரெஜிஸ்டர்ல எல்லாருக்கும் உடம்பு சரியாயிருச்சு.

இதுக்கு அவார்டு எல்லாம் கெடையாது, நோட்டீஸ்ல என் போட்டோவும் வராது. ஆனா அந்த டைரி போடுற புத்தி எங்கருந்து வந்துச்சுன்னா எம்எஸ்டபிள்யூல வாரம் ரெண்டு நாள் ஃபீல்டு ஒர்க் போயிட்டு வந்து ரெக்கார்டு எழுதுவோம், "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதுனா எங்க மேடம் சிவப்பு மையில அடிச்சு "யார் சொன்னது? எத்தன பேரக் கேட்ட?"ன்னு திருப்பிக் குடுப்பாங்க. அப்ப கடுப்பாதான் இருந்துச்சு.

மூணாவது_அட்டெம்ப்ட்:
அண்ணா சொன்னது சரி. பரீட்சைப் பக்கம் மட்டும் நான் சொல்றேன். பப்ளிக் அட்மின் படிச்சா ஐஏஎஸ்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அது பழைய கதை. 2013ல இருந்து ஐஏஎஸ் மெயின்ஸ்ல ஆப்ஷனல், அதாவது நாமளே தேர்ந்தெடுக்குற பாடம், ஒண்ணுதான், 1750ல அதுக்கு 500 மார்க், இன்ஜினியரிங் படிச்ச பசங்களே சோஷியாலஜிய ஆப்ஷனலா எடுத்து எழுதுறாங்க. பப்ளிக் அட்மின் படிச்சவங்களுக்கு லாபம்னா ஜிஎஸ் (ஜெனரல் ஸ்டடீஸ்) ரெண்டாவது பேப்பர் கொஞ்சம் பழக்கமா இருக்கும், அவ்ளோதான். பாப்பாவுக்கு கணக்கு வருதுன்னா எக்கனாமிக்ஸ ஒரு தடவ யோசிக்கச் சொல்லுங்க. இந்தியன் எக்கனாமிக் சர்வீஸ்னு யுபிஎஸ்சி தனியா எக்ஸாம் வைக்குது, அதுக்கு எக்கனாமிக்ஸ் எம்ஏ இருந்தாத்தான் எழுதவே முடியும். அங்க இன்ஜினியர் கூட்டம் வந்து முட்டாது.

எனக்கு மூணு அட்டெம்ப்ட் போச்சு, இப்ப குரூப் 2ல உள்ள வந்து பழனி பக்கம் ஒரு ஆபீஸ்ல இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன், எங்கம்மா மட்டும் இன்னும் கலெக்டர்னு ஒரு வார்த்தைய விட மாட்டேங்குறாங்க.

மணப்பாறை_முறுக்கு:
ரொம்ப நன்றிங்க. செவ்வாய்க்கிழமை கதைய மாமாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், "இது எங்க சங்கத்து கணக்குப்பிள்ளையே செஞ்சிருப்பான்"ங்கிறாரு. அக்கா பொண்ணு உள்ள இருந்து "ஏன் செய்யல?"ன்னு கேட்டுட்டா, இப்ப ரெண்டு பேரும் பேசிக்கல. ரிங்ஃப்ரேம் சார், சம்பளம் எவ்வளவுன்னு கேக்கச் சொல்றாரு, தப்பா எடுத்துக்காதீங்க.

ரிங்ஃப்ரேம்:
இதுல என்னங்க தப்பு. சேரும்போது ஏழாயிரத்து ஐநூறு, மூணு வருஷம் அதோட ஓட்டுனேன், வீட்டு வாடகை போக கைல ஒண்ணும் நிக்காது. இப்ப கோயம்புத்தூர்ல எச்ஆர் மேனேஜர், இன்ஜினியர் தம்பிய விட நாலாயிரம் கம்மி. மொத மூணு வருஷத்த வீட்ல தாங்குவாங்களான்னு மட்டும் மாமாகிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.